கேக் வாங்கப் போன ஒன்பது நிமிஷம்

கொட்டாஞ்சேனையில் முதன்முதலாகக் காருக்குள் கமரா பூட்டியவன் நான்தான் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உண்மையா பொய்யா தெரியாது. யாரும் மறுக்கவில்லை, ஆகவே உண்மை என்று வைத்துக்கொண்டேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து குசினிக்குள் போய்விடுகிறேன். ஏன் என்பதை ஒரேயொரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் போன மாதம்தான்.

என் பெயர் பேர்னாட். ஒரு தனியார் கம்பனிக்காகத் துறைமுகத்தில் கன்டெய்னர் விடுவித்துக் கொடுக்கிற கிளார்க்காக முப்பத்தாறு வருஷம் ஓடினேன். 2012ஆம் ஆண்டு, என் மனைவி றஞ்சிதத்தின் தம்பி டுபாயிலிருந்து லீவில் வந்தபோது அந்தக் கமராவைக் கொண்டுவந்தான். சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். முன்கண்ணாடியில் அதை ஒட்டுகிற ரப்பர் கொழும்பு வெயிலுக்கு இளகி, கிழமைக்கு இரண்டு தரமாவது தொப்பென்று மடியில் விழும். நான் சளைக்காமல் துடைத்துத் துடைத்து ஒட்டுவேன். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி அவனுக்கும் விளக்கம் சொல்வேன். துறைமுக வாசலில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, "மேக மொகக்த, மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று கேட்ட பாவத்துக்கு அந்த மனுஷனைப் பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்திவைத்தேன். றஞ்சிதம் அந்தக் கமராவுக்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள்.

வாங்கி ஒரு மாதம் போனபிறகுதான் அதன் சின்ன கார்டைக் கழற்றி வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆமர் வீதியில் வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஒரு பஸ் குறுக்கே வெட்டுகிறது, அதற்கு மேலாக என் குரல் கேட்கிறது. பஸ்காரனின் தாய் தகப்பனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் கேட்டது. கமராவின் கண் வீதியைப் பார்த்துக்கொண்டிருக்க, காது காருக்குள் இருந்திருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஊருக்கே சொன்னவன் இதை மட்டும் ஏன் வாய்க்குள் வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், எனக்கு அப்போதே கள்ளப் புத்தி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஹாஷிம் மட்டக்குளியில் இருந்தான். வேலை முடிந்தால் அவனை ஏற்றிவந்து பஸ் எடுக்கிற சந்தியில் இறக்கிவிடுவேன். ஒருநாள் டயருக்குக் காற்றடிக்க இறங்கி, அங்கே நின்றவனோடு கமராக் கதை பேசிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டுக் கேட்டால், ஹாஷிம் தன் மனைவி ஷபீகாவோடு போனில் கதைக்கிறான். இந்த மனுசன் கமராவைப் பற்றிக் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் கார் நகரும், நீ சோற்றை மூடிவை என்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான், அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் நான் ஒரு கிழமை கிளச் பழுது என்று சொல்லி அவனை ஏற்றவில்லை. அதற்குப் பிறகு யாரை ஏற்றினாலும் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கொஞ்ச நேரம் இறங்கிப் போவது பழக்கமாகிவிட்டது. சிரங்கைச் சொறிகிற மாதிரி. எரியும் என்று தெரியும், ஆனாலும் கை போகும்.

இனி என் மகள் றஷ்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது, கோட்டையில் ஒரு காப்புறுதி ஒஃபிஸில் வேலை. வீட்டில் அதிகம் பேசமாட்டாள். வீட்டில் பேசுவதற்கு நான் இடம் வைக்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஆனால் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அவள் எழுந்தால் கோயில் அடங்கிவிடும். மைக்கில் அந்தக் குரல் வரும்போது, வெளியே நின்று கதைக்கிற ஆம்பிளைகள்கூட உள்ளே வருவார்கள். நான் முன் வாங்கிலிருந்து நிமிர்ந்து திரும்பிப் பார்ப்பேன், எல்லாரும் கேட்கிறார்களா என்று.

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த றேமண்ட்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பையன் பெயர் ஜொனாதன். வெள்ளவத்தையில் வீடு, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான், குடி சிகரெட் இல்லை. தகப்பன் யேசுரட்ணம் காலமாகிவிட்டார். தாயும், தாயின் தமையன் பிறெடியும் பையனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். றஷ்மி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு றஞ்சிதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். ஜொனாதன் அவளைப் பார்த்து இரண்டு மூன்று கேள்வி கேட்டான், அவன் தாயும் கேட்டார். பேச்சு நன்றாகத்தான் போனது. குறைந்தபட்சம் நான் அப்படித்தான் நினைத்தேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் வைத்துப் பதில் சொல்வதில்லை. சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், போய் அறிவிக்கிறோம் என்று எழும்புவார்கள். பதில் நாலைந்து நாள் கழித்து நடுவில் நிற்கிறவர் மூலமாகத்தான் வரும். எனக்கு ஒருநாள்கூடப் பொறுக்க ஏலவில்லை. ஓட்டோ வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று வற்புறுத்தி மூன்று பேரையும் காரில் ஏற்றினேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கேக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். முதல் தரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, ஒரு நிமிஷம் இருங்கள் என்றேன். தாய் வேண்டாம் வேண்டாம் என்றார். நல்ல வெயில், ஏசி நின்றால் அவிந்துபோவார்கள் என்று எஞ்சினை ஓடவிட்டே இறங்கினேன். எஞ்சின் ஓடினால் கமராவும் ஓடும். கேக் வாங்கத்தான் இறங்கினேன் என்று எனக்கே நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. ஒரு பட்டர் கேக்கைப் பெட்டியில் போட இரண்டு நிமிஷம் போதும். நான் ஒன்பது நிமிஷம் நின்றேன். கண்ணாடி அலமாரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன், முட்டை போடாத கேக் இருக்கிறதா என்று தேவையில்லாமல் கேட்டேன்.

அவர்களை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, பின்னேரம் றஞ்சிதம் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். படத்தில் கேக் கடைச் சுவரும் ஒரு நாயும்தான். முதலில் தாயின் குரல் வந்தது. பிள்ளை தங்கமான பிள்ளை, எனக்குப் பிடித்துக்கொண்டது என்றார். பிறெடி, பிள்ளை சரி, தகப்பன் என்ன மனுஷனப்பா என்றார். பிறகு ஜொனாதன் கதைத்தான்.

"நான் மூண்டு கேள்வி கேட்டனான், மாமா. மூண்டுக்கும் அவர்தான் பதில் சொன்னவர். என்ன வேலை எண்டு கேட்டாலும் அவர், என்ன புத்தகம் வாசிப்பீங்கள் எண்டு கேட்டாலும் அவர். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கத் திறக்க இவர் குறுக்கால வாறார்."

அதற்குத் தாய் சொன்னார்: "அதாலதான் சொல்லுறன், கெதியாக் கூட்டிக்கொண்டு வருவம். எங்கட வீட்டில எண்டாலும் அது ஆசைக்குக் கதைக்கட்டும்."

இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. என் பிள்ளையைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை வெளியார் ஒருவர் வாயிலிருந்து அதற்கு முன்பும் நான் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் காதில் ஏறியது அதுவல்ல. என் வீட்டில் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் காரில் என் ஏசிக்குள் இருந்துகொண்டு, என்னைப் பற்றி இப்படியா என்று தலை கொதித்தது. என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்களாம். நான் என்ன அவளைக் கூட்டில் அடைத்தா வைத்திருக்கிறேன்? திரும்பப் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டேன். ஒவ்வொரு தரமும் கோபம் கூடியதே தவிர, அவர்கள் சொன்னது சரியா என்று ஒருதரமாவது யோசிக்கவில்லை.

குசினிக்குப் போய் றஞ்சிதத்திடம் இந்தச் சம்பந்தம் சரிவராது என்றேன். ஏன் என்று கேட்டாள். என்னைப் பற்றிச் சொன்னதை எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் அவள் அவர்கள் பக்கம்தான் நிற்பாள் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். கேக்கோடு திரும்பி வரும்போது காருக்குள் அவர்கள் கதைத்தது காதில் விழுந்தது என்று தொடங்கினேன். என்ன கதைத்தார்கள் என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதாம். மந்தமான பிள்ளை போலயாம். தேப்பன்தானாம் எல்லாத்துக்கும் முட்டுக் குடுக்கிறான். தாய்க்காரிதான் சொன்னவ."

ஏசி ஓடுகிற காருக்குள் கண்ணாடி ஏற்றிவைத்துக் கதைத்தது வெளியே நின்ற உனக்கு எப்படிக் கேட்டது என்று றஞ்சிதம் கேட்கவில்லை. அவள் அழுதாள். நான் செய்த குற்றத்தைத் தூக்கி என் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தேன். றஷ்மியிடம் அதை அவள்தான் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, எவ்வளவு மெதுவாகச் சொன்னாளோ எனக்குத் தெரியாது. அறைக்கதவு சாத்தியிருந்தது. இராச்சாப்பாட்டுக்கு வந்தபோது றஷ்மியின் கண் சிவந்திருந்தது.

புதன்கிழமை றேமண்ட் போன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவர்களுக்குப் பூரண சம்மதமாம், ஒரு சாமானும் வேண்டாமாம், பிள்ளையைத் தந்தால் போதுமாம். அந்த இடத்திலாவது நான் திரும்பியிருக்கலாம். எங்கள் பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். றேமண்டுக்கு வந்த சம்மதத்தை வீட்டில் சொல்லவில்லை. கார்டைத் திரும்பக் கமராவில் போட்டேன். அது பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகிற சாதி. ஒரு கிழமையில் அந்த ஒன்பது நிமிஷமும் இல்லாமல் போயிருக்கும்.

அடுத்த ஞாயிறு றஷ்மி வாசகம் வாசிக்கப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சுவாமியார் வீட்டுக்கே வந்து கேட்டார், எனக்கு அது சரிவராது ஃபாதர் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒஃபிஸில் ஆட்களுக்கு வகுப்பெடுக்கிற பெரிய வேலை ஒன்று தேடி வந்தது. அதையும் தட்டிக் கழித்தாள். பிறகு இரண்டு சம்பந்தம் வந்தது. முன் அறைக்கு வரவே மறுத்துவிட்டாள். வந்து இருந்தால் கேள்வி கேட்பார்களே, எனக்குப் பதில் சொல்லத் தெரியாதே என்று தாயிடம் சொன்னாளாம். கதைக்கிறதில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை, தான் மந்தம் என்று நம்பிக்கொண்டு என் வீட்டில் நடமாடினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் வாசித்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் அதைச் சொல்வது முதல் நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டு போனது.

கமரா இரண்டு வருஷத்தில் செத்துப்போனது. றஞ்சிதம் நாலு வருஷத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்தபடியே, என் பிள்ளையை அப்படிச் சொன்ன அந்தப் பொம்பிளை நல்லாயிருப்பாளா என்று திட்டுவாள். அந்தத் திட்டை வாங்கவேண்டியவன் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிடுவேனே தவிர, ஒரு சொல் சொல்லமாட்டேன். அவள் அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாள்.

போன மாதம் றஷ்மி சின்னதாக ஒரு கார் வாங்கினாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. இப்போது கமரா இல்லாமல் யாரும் கார் ஓடுவதில்லை. நீங்கதான் இதில பழைய ஆள், நீங்களும் வாங்க டடி என்று ஒரு சனிக்கிழமை காலை என்னையும் வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போனாள். காலி வீதிக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் கடை. பூட்டிக் கொடுத்த பையன் பெயர் இப்திகார். கெட்டிக்காரன், வயரெல்லாம் வெளியே தெரியாமல் செருகிவிட்டான். பிறகு றஷ்மியைப் பார்த்து, இதில் உள்ளே கதைக்கிறதும் பதியும், மிஸ்ஸுக்குச் சத்தம் வேண்டுமா வேண்டாமா, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று கேட்டான்.

றஷ்மி வாயைத் திறந்தாள். "வேணாம், ஓஃப் பண்ணுங்க தம்பி" என்று நான் சொன்னேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பழகிய விஷயம் மாதிரித்தான் மூடினாள். அந்தக் கணம் பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய ஜொனாதனின் குரல் எனக்கு அப்படியே கேட்டது. இப்திகார் பட்டனை அமத்திக்கொண்டிருக்க, றஷ்மி என்னிடம் திரும்பி, உங்கட பழைய கமராவிலும் சத்தம் பதியுமா டடி என்று சும்மா கேட்டாள்.

"இல்லை பிள்ளை," என்றேன், "அது வெறும் படம்தான்."

எழுபது வயதில், ஒரு கடை வாசலில் நின்று, கண் இமைக்காமல் இன்னொரு பொய். வெளியே வந்து காரில் ஏறியதும், கடற்கரைப் பக்கமாகப் போ, ஒரு இடத்தில் நிறுத்து, உன்னோடு கதைக்க வேண்டும் என்றேன். உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று பயந்து, மரைன் டிரைவில் ரயில் பாதை ஓரமாக நிறுத்தினாள். நான் முழுவதையும் சொன்னேன். சத்தம் பதியும் என்றேன். கேக் வாங்குகிற சாட்டில் வேண்டுமென்றே இறங்கியதைச் சொன்னேன். அவர்கள் உன்னைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னார்கள் என்றேன். றேமண்ட் கொண்டுவந்த சம்மதத்தையும் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு, "அந்த அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு அது மனப்பாடம். தங்கமான பிள்ளை என்பதிலிருந்து ஆசைக்குக் கதைக்கட்டும் என்பது வரை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஒரு ரயில் தெஹிவளைப் பக்கம் போனது. மன்னித்துக்கொள் என்று கேட்க வாயெடுத்தேன், ஆனால் அதுவும் அவளை முந்திக்கொண்டு கதைக்கிற மாதிரித்தானே என்று நிறுத்திக்கொண்டேன்.

"ஜொனாதன் எனக்குக் கோல் எடுத்தவர், டடி" என்றாள். "அந்த மாசமே. ஒஃபிஸுக்கு."

எனக்கு இது தெரியாது. அவள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஏன் விருப்பமில்லை என்று ஜொனாதன் கேட்டானாம். உங்கள் அம்மா என்னைப் பற்றிச் சொன்னது எங்களுக்குத் தெரியும் என்று இவள் சொன்னாளாம். அவன் திகைத்துப்போய், அம்மா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை, எங்கேயோ பிழை நடந்திருக்கிறது, ஒருதரம் உங்கள் டடியிடமே கேட்டுப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று கெஞ்சினானாம்.

"நீ ஏன் கேக்கேல்ல?" என்றேன்.

"ஏன் கேக்க வேணும்? எங்கட டடி பொய் சொல்ல மாட்டார், உங்கட அம்மாதான் பொய் சொல்லுறா எண்டு அவருக்குச் சொன்னனான். இனி எனக்குக் கோல் எடுக்க வேணாம் எண்டும் சொன்னனான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்டைக்குப் போனில நான் நல்லாத்தான் கதைச்சனான், டடி. ஒரு இடத்திலயும் தடக்கேல்ல. அவருக்குத்தான் பதில் சொல்ல ஏலாமப் போச்சு."